அடுத்த வாரம் எத்தனை ஷிப்ட்? திருப்பூர் பனியன் கம்பெனி முதலாளிமார்களுக்கு ஒரு திறந்த மடல்

திருப்பூர்
14.11.2025, வெள்ளிக்கிழமை இரவு

மதிப்பிற்குரிய முதலாளிமார்களுக்கு,

வணக்கம். பதினாறு வருஷமாக இந்த ஊரில், தைத்து வந்த பனியனில் குறை இருக்கிறதா என்று பார்க்கிற செக்கிங் டேபிளில் நிற்கிற ஒருத்தி எழுதுகிறேன். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து 2009இல் வீட்டுக்காரரோடு இங்கே வந்தேன். அவர் பவர் டேபிள் டெய்லர், மோட்டாரில் ஓடும் மிஷினில் தைப்பவர். இதுவரை மூன்று கம்பெனி மாறியிருக்கிறேன். எந்தக் கம்பெனி என்பதை எழுதப் போவதில்லை. எழுதினால் ஒருவருக்கு மட்டும் கோபம் வரும், மற்றவர்கள் "நம்மைச் சொல்லவில்லை" என்று நிம்மதியாகிவிடுவீர்கள்.

போன மாதம் 30ஆம் தேதி உலக சிக்கன நாள். அன்றைக்கு மூன்று மணிக்கே பீஸ் தீர்ந்துபோய்ச் சும்மா உட்கார்ந்திருந்தோம். எச்.ஆர். மேடம் வந்து எல்லோரையும் கேண்டீனுக்கு வரச் சொன்னார். சேமிப்பைப் பற்றிப் பேச ஒரு தம்பி வந்திருந்தார். நல்ல பிள்ளை, குரலும் கணீரென்று இருந்தது. சம்பளத்தில் பாதி அவசியச் செலவுக்கு, முப்பது சதவீதம் ஆசைப்பட்டதற்கு, இருபது சதவீதம் சேமிப்புக்கு என்று பலகையில் வட்டம் போட்டுப் பிரித்துக் காட்டினார். ஒரு நாளைக்கு இரண்டு டீ வெளியில் குடித்தால் வருஷத்துக்கு 7,200 ரூபாய் போகிறது என்று கணக்குச் சொன்னார். என் பக்கத்தில் இருந்த கைமடிப் பிள்ளை (டெய்லருக்குத் துணி மடித்துக் கொடுப்பவள்), "அந்த டீயும் இல்லைன்னா பதினோரு மணிக்கே படுத்துருவேனுங்கக்கா" என்று காதோரம் முணுமுணுத்தாள்.

அப்புறம் எல்லோருக்கும் ஒரு தாளைக் கொடுத்து மாத வருமானத்தை எழுதச் சொன்னார். நான் கையைத் தூக்கினேன். "தம்பி, வர்ற வாரம் எத்தனை ஷிப்ட் இருக்கும்னு யாரைக் கேட்டாத் தெரியும்?" அவர் மேடத்தைப் பார்த்தார். மேடம் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜருக்கு அந்த நேரம் பார்த்து போன் வந்துவிட்டது.

அன்றைக்கு அந்தத் தாளை வெறுமையாகவே திருப்பிக் கொடுத்தேன். அதில் எழுத முடியாததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் எங்கள் வீட்டுக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். திருப்பூரில் சம்பளம் வாரச் சம்பளம், சனிக்கிழமை கைக்கு வரும். அன்றைக்கு ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் பணத்தைப் பிரித்து வைப்பது என் வேலை. பேக்கிங்கில் ஓரம் கிழிந்துபோய் ஒதுக்கிய பாலிகவர் ஐந்தை வீட்டுக்குக் கொண்டுவந்து, மிச்சம் விழுந்த சைஸ் ஸ்டிக்கர்களை ஒட்டி வைத்திருக்கிறேன். எஸ் கவரில் பஸ், ரீசார்ஜ், மருந்து, ஊரில் இருக்கும் மாமியாருக்கு அனுப்புவது. எம் கவரில் சமையல் சாமானும் பாலும். எல் கவர் தவணைக்கு. எக்ஸ்எல் கவர் வாடகைக்கு. சைஸுக்கும் தொகைக்கும் சம்பந்தம் கிடையாது. எதைத் தொடக் கூடாதோ அதற்குப் பெரிய சைஸ், அவ்வளவுதான். எல்லாவற்றுக்கும் மேலே டபுள் எக்ஸ்எல். அது சேமிப்பு.

எட்டரைக்கு ஏறி ஐந்தரைக்கு இறங்கினால் ஒரு ஷிப்ட். ராத்திரி ஒன்பதரை வரை இருந்தால் ஒன்றரை. ஆகஸ்ட் வரைக்கும் வீட்டுக்காரர் ஆறு நாளும் ஒன்றரை போவார். பிடித்தம் போக ஷிப்டுக்கு 560 என்று வாரம் 5,040 வரும். எனக்கு ஷிப்டுக்கு 400. மூன்று நாள் மட்டும் ஒன்றரை போவேன், மற்ற நாளில் பிள்ளைகளுக்காக ஐந்தரைக்கே இறங்கிவிடுவேன். அது 3,000. ஆக 8,040 ரூபாய். எக்ஸ்எல்லுக்கு 1,400, எல்லுக்கு 1,500, எம்முக்கு 2,500, எஸ்ஸுக்கு 1,200 போக 1,440 மிஞ்சும். அதில் ஆயிரம் ஏலச்சீட்டுக்கு, மீதி நகைச்சீட்டுக்கு.

அந்தத் தம்பி சொன்ன இருபது சதவீதத்துக்கு ரொம்பத் தூரமில்லை, பாருங்கள். வட்டம் போடாமலே பதினெட்டு சதவீதம் வந்திருக்கிறது.

ஆகஸ்டில் அமெரிக்கா வரி போட்டு ஆர்டர் குறைந்ததிலிருந்து ஒன்றரை கிடையாது. வாரத்தில் ஒரு நாள் வேலையே கிடையாது. ஐந்து நாளுக்கு ஒரு ஷிப்ட் என்று அவருக்கு 2,800, எனக்கு 2,000, மொத்தம் 4,800. வீட்டு ஓனரும் தவணைக்காரரும் அமெரிக்க வரியைப் பற்றிக் கவலைப்பட மாட்டார்கள். அவர்களுக்கு 2,900 அப்படியே போய்விடுகிறது. முன்பு 3,700 ரூபாயில் ஓடிய எம்மும் எஸ்ஸும் இப்போது 1,900 ரூபாயில் ஓட வேண்டும். எதைத் தொடவே கூடாது என்று இருப்பதிலேயே பெரிய சைஸ் ஒட்டினேனோ, அந்த டபுள் எக்ஸ்எல்தான் முதலில் காலியானது. ஏழு மாதம் கட்டிய சீட்டை மூவாயிரம் குறைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்காரிக்கு மாற்றிவிட்டேன்.

"யாரையும் வேலையை விட்டு அனுப்பவில்லை" என்று நீங்கள் சொல்கிறீர்கள். உண்மைதான், எங்கள் லைனில் யாரையும் அனுப்பவில்லை. ஆனால் இந்த ஊரில் ஒரு குடும்பம் ஒரு ஷிப்டை நம்பி நடக்கவில்லை என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. முதல் ஷிப்ட் வாடகைக்கும் கடனுக்கும். சாப்பாடும் படிப்பும் அந்த மேல் அரையில்தான் இருந்தன. ஆர்டர் வந்தபோது "ஒன்றரை இருந்தே ஆகணும், ஷிப்மென்ட் நிக்குது" என்று சொல்லிச் சொல்லி எங்கள் வீட்டை அந்த அரை ஷிப்டின் மேல் கட்டவைத்ததும் நீங்கள்தான். அதற்கு இரட்டிப்புச் சம்பளம் தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அந்தப் பேச்சை இங்கே எடுக்கவில்லை. எடுத்தால் இந்தக் கடிதம் இன்றைக்கு முடியாது.

உங்கள் கஷ்டம் தெரியாமல் பேசவில்லை. 2025 ஆகஸ்ட் 7இல் 25 சதவீதம், 27இல் அதற்கு மேல் இன்னொரு 25 என்று அமெரிக்கா வரி போட்டதை நாங்களும் டிவியில் பார்த்தோம். வங்கதேசத்துக்கும் வியட்நாமுக்கும் அப்போது இருபது, நமக்கு ஐம்பது என்றால் வாங்குகிற பையர் எந்தப் பக்கம் போவான் என்று செக்கிங் டேபிளில் நிற்கிறவளுக்கும் புரியும். அடுக்கி வைத்த பெட்டிகள் ஷிப்மென்ட் ஆகாமல் ஃபினிஷிங் ஹாலில் நின்றதைப் பார்த்தவர்கள் நாங்கள். பஞ்சுக்கு இருந்த 11 சதவீத இறக்குமதி வரியை 2025 டிசம்பர் வரை எடுத்திருக்கிறார்கள். உங்களுக்கு அது கொஞ்சம் மூச்சுவிட உதவும் என்கிறார்கள். உதவட்டும். பேங்க் வட்டி உங்களுக்கும் நிற்பதில்லை என்று தெரியும்.

உங்களில் பலர் கைமடியாகவும் கட்டிங் மாஸ்டராகவும் இருந்து, நாலு மிஷின் போட்டு மேலே வந்தவர்கள். 2011 ஜனவரியில் கோர்ட் உத்தரவில் சாயப்பட்டறைகளை மூடியபோது நீங்களும் படுத்தீர்கள், நாங்களும் ஊருக்குப் பஸ் ஏறினோம். 2020 ஊரடங்கிலும் அப்படியே. இரண்டு முறையும் நீங்கள் போன் போட்ட வாரமே நாங்கள் திரும்பி வந்தோம். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

நான் ஆர்டரைக் கேட்கவில்லை. அது உங்கள் கையில் இல்லை. உங்கள் கையில் இருப்பதைத்தான் கேட்கிறேன்.

அடுத்த வாரம் எத்தனை நாள், எத்தனை ஷிப்ட் என்பதை இந்தச் சனிக்கிழமையே டைம் ஆபீஸ் பலகையில் எழுதிவிடுங்கள். இப்போது என்ன நடக்கிறது? முந்தின நாள் ராத்திரி ஒன்பதுக்கோ பத்துக்கோ வாட்ஸ்அப் குரூப்பில் "நாளை லீவு" என்று இரண்டு வார்த்தை வருகிறது. அதற்குள் மாவு ஆட்டி, காய் நறுக்கி வைத்திருப்போம். போகட்டும், காய் மறுநாளைக்கு ஆகும். ஆனால் அந்த ஒரு நாளை நாங்கள் வேறு எதற்கும் பயன்படுத்த முடியாது. புதன்கிழமை வேலை இல்லை என்று சனிக்கிழமையே தெரிந்தால், வீட்டுக்காரர் உள்ளூர் மார்க்கெட்டுக்குத் தைக்கிற ஜாப் ஒர்க் யூனிட்டில் ஒரு நாள் சொல்லி வைப்பார். நான் பிசிர் நூல் வெட்டுகிற வேலையை வீட்டுக்கு வாங்கி வருவேன். ராத்திரி பத்து மணிக்குத் தெரிந்தால் யாரிடம் போய்க் கேட்பது? ஆர்டரைப் பார்த்துக்கொள்ளும் மெர்ச்சண்டைசருக்கும் புரொடக்‌ஷன் மேனேஜருக்கும் எந்த ஸ்டைல் எப்போது லைனில் ஏறும் என்று ஒரு வாரத்துக்கு முன்பே தெரியும். துணி டையிங்கிலிருந்து வராமல் தள்ளிப்போகலாம், பட்டன், லேபிள் மாதிரி ஆக்சஸரீஸ் வராமல் போகலாம், சரி. பலகையில் எழுதியது பத்துக்கு இரண்டு தடவை மாறினால் நாங்கள் சண்டைக்கு வர மாட்டோம்.

இன்னொன்று, அதை "லீவு" என்று சொல்லாதீர்கள். லீவு என்பது நாங்கள் கேட்பது. வேலை இல்லை என்று நீங்கள் நிறுத்தி வைத்தால் அதற்கு லே-ஆஃப் என்று பெயர். ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில், ஒரு வருஷம் முடித்தவர்களுக்கு அந்த நாளுக்குப் பாதிச் சம்பளம் என்று சட்டத்தில் இருப்பதாக எங்கள் தெருவில் இருக்கும் பழைய சங்கத்துக்காரர் சொன்னார். பஞ்சப்படிக்காக (இப்போது அகவிலைப்படி என்பார்கள்) 1984இல் 127 நாள் வேலை நிறுத்தம் நடந்த ஊர் இது, அந்தக் காலத்து ஆட்களுக்குச் சட்டம் மனப்பாடம். பாதிச் சம்பளம் உங்களால் முடியவில்லை என்றால் எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொல்லுங்கள், கால்வாசியிலாவது ஒரு முடிவுக்கு வருவோம். பெயரை மாற்றி வைத்துவிட்டால் கணக்கே இல்லாமல் போய்விடுகிறது.

அடுத்தது, சனிக்கிழமைச் சம்பளம் சனிக்கிழமை வர வேண்டும். சனிக்கிழமை வேலையை நிறுத்திய வாரங்களில் சம்பளம் செவ்வாய்க்கிழமை வருகிறது. மூன்று நாள்தானே என்று ஆபீசில் நினைப்பார்கள். எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் சந்தை நாள், சாமான் வாங்குகிற நாள். கையில் காசு இருந்தால் மொத்தக் கடைக்குப் போய் எண்ணெயும் பருப்பும் வாரத்துக்கு வாங்குவேன். காசு இல்லாத ஞாயிறு தெருமுனைக் கடையில் கடன் நோட்டுக்குத்தான் வாங்க வேண்டும். நோட்டுக்கு வாங்கும்போது விலை கேட்க முடியாது, நூறு கிராம் இருநூறு கிராமாகத்தான் வாங்க முடியும். போன மாதம் அந்த நோட்டையும் என் நோட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதே சாமானுக்கு வாரத்துக்கு நூற்று எண்பது ரூபாய் கூடுதலாகப் போயிருக்கிறது. டீயை விட்டு நான் மிச்சம் பிடித்தால்கூட அதைவிடக் குறைவுதான். இந்தப் பணம் உங்களுக்கும் வரவில்லை, எனக்கும் இல்லை. மூன்று நாள் தாமதத்துக்கு எங்கள் அடுப்படி கட்டுகிற அபராதம் அது.

சிக்கனத்தைப் பற்றி நாங்கள் படிக்க வேண்டியது இருந்தால் படிக்கிறோம். அரிசிக்குக் கவலையில்லை, 2011இலிருந்து ரேஷனில் விலையில்லாமல் கிடைக்கிறது. 30 ரூபாய்க்குத் துவரம்பருப்பு, 25 ரூபாய்க்குப் பாமாயில், அதுவும் ரேஷனில். டவுன்பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. அதனால்தான் கம்பெனி வேனுக்கு மாதம் பிடிக்கிற காசை மிச்சம் பிடித்து, முக்கால் மணி நேரம் முன்னால் கிளம்புகிறேன். தேங்காய் எண்ணெய் மட்டும் இந்த வருஷம் கைக்கு எட்டவில்லை. எண்ணெய் மில்லுக்குப் பேர்போன காங்கயம் பக்கத்திலேயே இருக்கிறது, மகள் தலைக்கு எண்ணெயை எண்ணி எண்ணித்தான் தேய்க்கிறேன். பால் ஒரு பாக்கெட்டைக் குறைத்தாயிற்று, ஞாயிற்றுக்கிழமைக் கறி முட்டையாகிவிட்டது. வீட்டு ஓனர் கரண்டுக்கு யூனிட்டுக்கு எட்டு ரூபாய் வாங்குகிறார். அரசாங்கம் கொடுக்கிற நூறு யூனிட் இலவசம், ஒரே வரிசையாகக் கட்டிய எங்கள் லைன் வீட்டுக்குள் இதுவரை நுழைந்ததில்லை. இதை உங்களிடம் ஏன் சொல்கிறேன் என்றால், உங்களில் சிலர் லைன் வீட்டு ஓனர்களும்தான்.

பி.எஃப். பற்றியும் சொல்ல வேண்டும். சீட்டு போன பிறகு எங்களுக்கு மிச்சமிருக்கிற ஒரே சேமிப்பு அதுதான். நாங்களே நினைத்தாலும் அவசரத்துக்குச் சட்டென்று உடைக்க முடியாத உண்டியல். போன வருஷத்துக்கு 8.25 சதவீத வட்டி கொடுத்தார்கள், எந்தச் சீட்டுக்காரர் அப்படிக் கொடுப்பார்? மகள் போனில் பாஸ்புக்கை எடுத்துக் காட்டினாள். ஜூலைக்குப் பிறகு ஒரு வரவும் இல்லை. ஆனால் எங்கள் சம்பளத்தில் பன்னிரண்டு சதவீதம் வாராவாரம் பிடித்திருக்கிறது. பிடித்ததை அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும் என்பது உங்கள் அக்கவுண்டண்டுக்குத் தெரியும். கேட்டால் "ஆர்டர் வந்ததும் கட்டிடுவோம்மா" என்கிறார்கள். உங்கள் பங்கு தாமதமானால் அது உங்கள் கஷ்டம் என்று விட்டுவிடலாம். எங்கள் சம்பளத்தில் எடுத்தது எங்கள் பணம். அதை வைத்து நூல் வாங்கியிருந்தால், சொல்லிவிட்டாவது வாங்கியிருக்கலாம்.

தீபாவளி போனஸில் நடந்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள். பள்ளிக்கூடம் திறந்தபோது ஜூனில் பத்தாயிரம் அட்வான்ஸ் வாங்கினேன். வாராவாரம் கொஞ்சம் பிடித்தார்கள், சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஆறாயிரம் கழிந்திருந்தது. போனஸ் கவரைப் பிரித்தால் மீதி நாலாயிரத்தையும் ஒரே பிடியாகப் பிடித்துவிட்டார்கள். கம்பெனிக்கு வர வேண்டிய கடன்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இந்த ஊரில் போனஸ் என்பது பட்டாசுக் காசு இல்லை. வருஷம் முழுக்க நோட்டில் ஏறியதெல்லாம் அந்த ஒரு கவரில்தான் இறங்கும். நாலாயிரம் குறைகிறது என்று ஒரு வாரம் முன்னால் சொல்லியிருந்தால், மாமியாருக்குச் சேலை எடுத்துவிட்டேன் என்று போனில் சொல்லியிருக்க மாட்டேன். இந்தத் தடவை ஊருக்கு நான் போகவில்லை. வீட்டுக்காரர் மட்டும் போய்விட்டு, பஸ் டிக்கெட் கிடைக்கவில்லை என்று எனக்காக ஒரு பொய் சொல்லிவிட்டு வந்தார்.

இப்படி நேரம் பார்த்துத்தான் கடன்காரர்களும் வருகிறார்கள். ஒன்றரை ஷிப்ட் நின்ற மூன்றாவது வாரமே குழுக் கடன் கொடுக்கும் பையன் வந்து இருக்கிற கடனுக்கு மேலே டாப்-அப் வேண்டுமா அக்கா என்றான். முதல் கேள்வியே "வாரச் சம்பளம் எவ்வளவு?" என்பதுதான். மாதத் தவணையெல்லாம் சேர்த்து குடும்ப வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022இல் விதி போட்டிருக்கிறது, அதனால் கேட்கிறான். எட்டாயிரம் என்பதா, நாலாயிரத்து எண்ணூறு என்பதா? அவனுக்கு எட்டாயிரம் என்று எழுதத்தான் ஆசை. பழைய சம்பளம் திரும்பிவிடும் என்று எங்கள் லைனில் நாலு பேர் எட்டாயிரம் என்றே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். திரும்புமா, எப்போது திரும்பும் என்று உங்களுக்கு ஏதாவது தெரிந்திருந்தால், அவர்கள் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் சொல்லியிருக்கலாம். ஜனவரி வரை இப்படித்தான் என்று சொல்லியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். கெட்ட செய்தியை வைத்துக்கூட ஒரு குடும்பம் கணக்குப் போட முடியும். பிள்ளைகளிடம் சொல்லலாம், ஊருக்குப் போகலாமா இங்கேயே இருக்கலாமா என்று முடிவு பண்ணலாம், பைக் தவணைக்காரரிடம் முன்கூட்டியே போய் நிற்கலாம்.

பயமுறுத்த எழுதவில்லை, இருந்தாலும் நடப்பதைச் சொல்கிறேன். எங்கள் பக்கத்து வீட்டில் இருந்த தேனிக்காரக் குடும்பம் தீபாவளிக்குப் போனது, இன்னும் வரவில்லை. பிளாட்லாக் தையல் மிஷின் ஓட்டுகிற நல்ல கை அந்தப் பெண்ணுக்கு. ஊரில் நூறு நாள் வேலைக்கு அட்டை போட்டுவிட்டதாகச் சொன்னாள். இங்கே கிடைப்பதைவிட அது குறைவுதான். ஆனால் எந்த வாரம் வேலை என்று பஞ்சாயத்தில் முன்னாலேயே சொல்லிவிடுகிறார்களாம். ஆர்டர் திரும்பி வரும் நாளில் அவளுக்கும் போன் போடுவீர்கள். 2011 மாதிரி, 2020 மாதிரி இந்தத் தடவையும் பஸ் ஏறுவாளா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

சேமிப்பு வகுப்பு நடத்த வேண்டாம் என்று சொல்லவில்லை. அடுத்த தடவை அந்தத் தம்பி வரும்போது நீங்களும் கீழே இறங்கி வந்து உட்காருங்கள். அவர் தாள் கொடுப்பதற்கு முன்னால் அடுத்த நாலு வாரம் எத்தனை ஷிப்ட் என்று பலகையில் எழுதிவிட்டு உட்காருங்கள். மீதி வட்டத்தை நாங்களே போட்டுக்கொள்கிறோம்.

மணி ஒன்பதே முக்கால். நாளை வேலை உண்டா இல்லையா என்று குரூப்பில் இன்னும் செய்தி வரவில்லை. வேலை என்றால் காலையில் ஐந்தரைக்குள் நாலு டப்பா கட்ட வேண்டும், இல்லையென்றால் இரண்டு போதும், நாங்கள் இரண்டு பேரும் பழையதைச் சாப்பிட்டுக்கொள்வோம். அரிசியை எடுத்து வைத்துவிட்டேன், எத்தனை படி என்று தெரியாமல் இன்னும் களையவில்லை.

இப்படிக்கு,
செக்கிங் டேபிளில் ஒருத்தி